நைனா முடிக்காத கோட்டை

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு இரண்டு கதவுகள். ஒன்று பச்சை. இன்னொன்றுக்கு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நிறமே கிடையாது. பெயிண்ட் தீர்ந்துபோய்விடவில்லை. டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சமிருந்து, கட்டிலுக்கடியில் கிடந்து, கடைசியில் கல்லாக இறுகிப்போனது. சமையலறை அலமாரியில் மூன்று பலகைக்கு இடம் விட்டு இரண்டைத்தான் அடித்திருந்தார். தம்பிக்காகச் செய்ய ஆரம்பித்த மரப்படகுக்கு அடிப்பாகம் மட்டும் வந்தது, அதில் தம்பி சோப்பு வைத்துக்கொண்டான். திருவொற்றியூர் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால், "அரைக்கதவு வூடா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள்.

இத்தனைக்கும் காரணம் நைனா, என் அப்பா. காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போனால் வாரம், பத்து நாள் என்று ஆகும். எஞ்சினில் ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் அதை முறுக்கி முடிக்காமல் படகை நகர்த்தமாட்டார் என்று கூடப் போகிறவர்கள் சொல்வார்கள். அந்த மனிதர் வீட்டுக்குள் வந்ததும் எங்கே போவாரோ தெரியாது. எதைத் தொட்டாலும் பாதிதான். டீயைக்கூடக் கடலுக்குப் புறப்படுகிற அன்று பாதி டம்ளர் வைத்துவிட்டுத்தான் போவார். எனக்கு இது பெரிய மானக்கேடாக இருந்தது. நான் வீட்டுப்பாடத்தை முடித்து, அடியில் கோடு போட்டு, கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடும் போடுகிற ரகப் பெண்.

அந்தக் கோடையில் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் மாமா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். மீன் குஞ்சு பொரிக்கும் பருவம் என்று ஏப்ரல் பாதியிலிருந்து விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். எங்களுக்குப் பள்ளி விடுமுறையும் அதே சமயம். ஆண்களெல்லாம் வீட்டில் இருப்பார்கள். முதல் வாரம் வலை பார்ப்பார்கள், எஞ்சின் பிரிப்பார்கள். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுப் பெண்கள் வேலை செய்கிற இடத்தில் வந்து நின்றுகொண்டு யோசனை சொல்வார்கள். குப்பத்தில் சண்டைகள் அதிகமாவது அந்த மாதத்தில்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் காய்கறி, அரிசி, முட்டை ஏற்றுகிற ஒரு கம்பெனியில் வேலை. அதனால் உலகத்து மாலுமிகள் எல்லாம் தனக்கு தோஸ்து என்பார். மாமா சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்பாமல் இருந்தால் போதும் என்பாள் அம்மா. அன்றைக்கு மாமா பெட்டியைப் பிரித்து டிவி கேம் ஒன்றை எடுத்து வைத்தார். பாரிமுனைப் பக்கம் ஏதோ கடையில் வாங்கியது. கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த படத்தில் ஒருவன் பைக் ஓட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பைக்கே கிடையாது.

உள்ளே ஒரு கோட்டை இருந்தது.

டிவியில் அது முதல் முறை எழுந்து நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. கறுத்த வானம், உடைந்த கோபுரம், நிலாவைக் குறுக்காக வெட்டிப் போகும் வௌவால். கையில் சங்கிலிச் சாட்டையோடு ஓர் ஆள். அவன் நடக்கும்போது ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டுக்கு உட்கார்ந்திருக்க முடியாது, தம்பி எழுந்து நின்று ஆட ஆரம்பித்துவிட்டான். சுவரில் மெழுகுவர்த்திகள் எரியும். சாட்டையால் அடித்தால் கோடாலி விழும், கத்தி விழும். சில சுவர்களை அடித்து உடைத்தால் உள்ளே ஆவி பறக்க வறுத்த கறி இருக்கும். பாழடைந்த கோட்டையின் சுவருக்குள் யார் சமைத்து வைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவேயில்லை. அதைத் தின்றால் உயிர் கூடும். கோட்டையின் உச்சியில் ரத்தம் குடிக்கிற ஒருவர் இருப்பதாகவும், அவரை அடித்தால் கோட்டையே இடிந்து விழும் என்றும் மாமா சொன்னார். நாங்கள் அதற்குப் பேய்க்கோட்டை என்று பெயர் வைத்தோம். அவருக்குக் கோட்டைக்காரர்.

"இது சாதா ஆட்டம் இல்ல, தெரிஞ்சுக்கோ. ஜப்பான்ல மொதல்ல இது தட்டையா ஒரு டிஸ்க்குல வந்துச்சு. இன்னிக்கு விட்ட எடத்துலேந்து நாளைக்கு ஆடலாம். அந்த டிஸ்க்கு ஞாபகம் வச்சுக்கும். அப்பால வெளிநாட்டுக்காரன் கேட்டான்னு கேசட்டுல போட்டான். பேரைக்கூட மாத்திட்டான். கேசட்டுக்கு ஞாபகம் கெடையாது, ஆஃப் பண்ணா அவ்ளோதான், மொதல்லேந்து வரணும்" என்றார் மாமா.

தக்காளிக் கூடை ஏற்றும்போது ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி சொன்னதாம். ஓர் ஆட்டத்துக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு பெயர், வேறு வேறு உடம்பு, ஒன்றுக்கு ஞாபகம் உண்டு, ஒன்றுக்கு இல்லை. இதை யார் நம்புவார்கள்? நானும் தம்பியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். மாமா கோபித்துக்கொண்டு மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனால் ஞாபகம் இல்லை என்பது மட்டும் உண்மையாக இருந்தது. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். அதைப் பார்த்தபடியே மின்வெட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் சாட்டைக்காரன் வாசலுக்கு வந்து நிற்பான். நாங்கள் மறுபடியும் முதலிலிருந்து ஏறுவோம்.

எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஓர் அறை, அதில் ஒரு டிவி, அதற்கு முன்னால் வேர்வை நாறும் ஒரு கூட்டம். முதல் நாளே அம்மா ஒரு சட்டம் போட்டாள். ஆட்டத்தில் ஆள் விழுந்ததும் ஒரு பையன் "செத்துட்டான்" என்று கத்த, அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"தொழிலுக்குப் போற வூட்டுல இன்னா பேச்சு இது? இன்னொருக்கா அந்த வார்த்த வந்துச்சு, பொட்டியத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்."

வேறு என்னதான் சொல்வது? ஆள் விழுந்தால் முதல் இடத்துக்குத் திரும்பி வருகிறான், அதனால் "கரைக்கு வந்துட்டான்" என்று சொல்லலாம் என்றேன். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அந்தக் கோடை முழுக்க எங்கள் தெருவில் எவனும் சாகவில்லை. எல்லோரும் பத்திரமாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

நைனா முதலில் இந்தப் பக்கமே திரும்பவில்லை. வாசலில் உட்கார்ந்து அலமாரியின் மூன்றாவது பலகையை இழைப்பார். கொஞ்ச நேரத்தில் அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் பீடி பற்றவைப்பார். நாங்கள் உள்ளே ஒரு தாழ்வாரத்தில் மாட்டிக்கொண்டிருந்தோம். அங்கே உடம்பில்லாத தலைகள் பறந்து வரும். நேராக வந்தால் அடித்துவிடலாம். இவை மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறி வந்தன. எப்போது குதித்தாலும் ஒன்று முகத்தில் மோதி எங்கள் ஆளைப் பள்ளத்தில் தள்ளிவிடும். மூன்று நாளாக அந்த இடத்தைத் தாண்ட யாராலும் முடியவில்லை. எதிர்வீட்டுப் பையன் அழுதே விட்டான்.

"அத்த ஏன் அடிக்கப் போற?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நைனா வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அது அலை மாதிரி வருது, பாக்கல? ஏறும்போது நில்லு. எறங்கும்போது பூந்து போ. போட்டை மொகத்துவாரத்துல எப்டி வெளிய எடுக்குறோம்? அலைய அடிச்சுகினா போறோம்?"

நான் ஆட்டத்து ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். கடப்பாறை பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். இரண்டு முறை கரைக்கு வந்தார். மூன்றாம் முறை தலை ஏறியது, ஆள் நின்றான். தலை இறங்கியது, ஆள் புகுந்தான். அடுத்தது ஏறியது, நின்றான். ஒரு தலையைக்கூட அடிக்காமல், ஒரு மெழுகுவர்த்தியைக்கூடத் தொடாமல், ஏதோ மாலையில் உலாவப் போகிறவன்போல எங்கள் ஆள் அந்தத் தாழ்வாரத்தைக் கடந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அறையே அதிர்ந்தது. ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தவர்கள் பச்சைக் கதவைத் தட்டித் தட்டிக் கொண்டாடினார்கள். எனக்கு நைனாவைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓட வேண்டும்போல இருந்தது.

அன்றிலிருந்து பலகை வாசலிலேயே கிடந்தது. நைனா உள்ளே வந்துவிட்டார். அவர் கோபுரத்தில் ஏறுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எந்தச் சுவரில் கறி இருக்கிறது என்று சொல்வேன். தினமும் ஒரு தளம் மேலே போனோம். மேலே போகப் போகக் கோட்டை அழகாகிக்கொண்டே போனது. பெரிய பற்சக்கரங்கள் சுழலும் கூடத்துக்கு வந்தபோது நைனா ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு அந்தச் சக்கரங்கள் சரியாகப் பல் பொருந்திச் சுழல்கின்றனவா என்று பார்த்தார். பொருந்தவில்லை என்று குறை சொன்னார்.

எனக்கோ வேறொரு பயம் ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் பையன் ஒருநாள், "உங்க நைனா கோட்டையிலயும் பாதிக்குத்தான் போவாரு, பாரேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் நிறமில்லாத ஜன்னல் கதவைப் பார்க்காமல் சிரித்துவைத்தேன். சாப்பிடும்போது நைனாவிடம் நேராகவே சொன்னேன்.

"நைனா, நீ எத்தயும் முடிக்க மாட்ற. இத்தயாவது முடி. தட முடியறதுக்குள்ள முடி."

"முடிச்சுட்டாப் போச்சு" என்றார். அம்மா அவர் தட்டில் குழம்பு ஊற்றப் போனவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. எனக்குக் குழம்பு வரவில்லையே என்றுதான் அப்போது தோன்றியது.

வேலைக்கு ஒரு முறை வேண்டும் என்று நைனா திட்டம் போட்டார். ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து ஏறினால் உச்சிக்குப் போவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. அதனால் ஆட்டப் பெட்டியை அணைக்காமல், ஆட்டத்தை நிறுத்தி மட்டும் வைப்பது. கேசட்டுக்கு ஞாபகம் இல்லையென்றால் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். டிவியில் அம்மா சீரியல் பார்ப்பாள், கீழே பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, யாரும் தடுக்கி விழாமல் இரண்டு பக்கமும் குடம் வைத்தோம். மின்வெட்டும் இரண்டு நாள் எங்கள் மேல் இரக்கம் காட்டியது.

ஆனால் அடாப்டர் சூடாகிவிட்டது. தொட்டால் தோசைக்கல். எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ஃபேனைத் திருப்பி வைத்திருப்பான். கெட்டுப்போகிற பொருள் எதுவாக இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் ஃபாக்டரிக்குப் போனார். தடைக்காலத்தில் ஐஸ் கேட்டு வந்த ஒரே டிரைவர் அவராகத்தான் இருக்கும். உடைத்த ஐஸை அன்னக்கூடையில் கொட்டி, பாலித்தீன் போட்டு மூடி, அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் அடாப்டரை வஞ்சிர மீனைப் போலப் பக்குவமாகப் படுக்க வைத்தார். தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்குத் தாங்கும்" என்றார்.

சாயங்காலம்வரை தாங்கியது. தட்டு வேர்த்து, தண்ணீர் கோத்து, அடாப்டர் ஒரு சின்ன இருமலோடு நின்றுபோனது. சிவப்பு விளக்கும் போனது, நாங்கள் ஏறிய தளங்களெல்லாம் போயின. நல்லவேளை, யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. அம்மா எங்களை வெளியே தள்ளிவிட்டுத் திட்டிய திட்டு மீன் மார்க்கெட்டிலும் கேட்காதது. மாமா வந்து வேறு அடாப்டர் கொடுத்தார். "அதுக்குத்தான் ஞாபகம் வச்சுக்குற டிஸ்க்கு வேணும்ன்றது" என்று ஒரு குத்தும் கொடுத்தார்.

அப்புறம் நைனா ஒரே மூச்சில் ஏறுவது என்று முடிவு செய்தார். தடைக்காலம் முடிகிற நாள் வந்துவிட்டது. அன்று மாலை படகுக்குப் பூஜை போட்டு, டீசலும் ஐஸும் ஏற்றி, புறப்பட வேண்டும். காலைக் கஞ்சி குடித்ததும் நைனா கால் மடக்கி உட்கார்ந்தார். கேசட்டை எடுத்துத் தம்பி ஊதிக் கொடுத்தான். தெருவே வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்களும் நின்றார்கள். தடைக்காலத்தின் கடைசி நாளில் வேலையில்லாத டிரைவர்கள் நாலைந்து பேர், தங்களுக்குள் பந்தயம் பேசிக்கொண்டு ஜன்னலை அடைத்து நின்றார்கள்.

அவர் அன்று ஆடிய மாதிரி நான் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. வாசல் தோட்டத்தை நடந்தே கடந்தார். வௌவால் கூடத்தில் பின்வாங்கிப் பின்வாங்கி அடித்தார். பறக்கும் தலைகள் வந்தபோது ஜன்னலிலிருந்த டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து, "ஏறுது, நில்லு. எறங்குது, பூந்துடு" என்று குரல் கொடுத்தார்கள். பற்சக்கரக் கூடத்தில் ஒரே ஒரு அடி வாங்கினார். சுவரை உடைத்துக் கறியைத் தின்றார். எந்தச் சுவர், எந்த விளக்கு என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது.

கடைசிக் கோபுரம் வந்தது. ஒரு நீளமான கூடம், அதன் முடிவில் படிக்கட்டு, படிக்கட்டுக்கு மேல் அரிவாள் பிடித்த எலும்புக்காரர். அவர் உண்மையில் யார் என்று எங்களுக்குத் தெரியும், வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் அரிவாள்காரர் என்றுதான் சொல்வோம். அவரைத் தாண்டினால் கோட்டைக்காரர். படிக்கட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம், தம்பிகூடக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடக்கூடிய சின்னப் பள்ளம். நைனாவிடம் உயிர் நிறைய இருந்தது. கையில் நல்ல கோடாலி இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அதுவரை ஒருநாளும் அவள் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. நைனா ஒரு நொடி திரும்பி அவளைப் பார்த்தார்.

பிறகு பட்டனை அழுத்தினார். எங்கள் ஆள் குதிக்கவில்லை. நேராக நடந்து, பள்ளத்துக்குள் நடந்தே போய் விழுந்தான். ஆட்டம் மறுபடியும் வாசலுக்குப் போய்விட்டது.

"கரைக்கு வந்துட்டேன்" என்றார் நைனா.

ஜன்னலிலிருந்து எழுந்த ஓலம் கடற்கரைவரை கேட்டிருக்கும். ஒரு டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். எதிர்வீட்டுப் பையன் நிறமில்லாத ஜன்னல் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அழுதேன். இன்னொரு தடவை ஆடு என்று கையைப் பிடித்து இழுத்தேன். பூஜைக்கு நேரமாகிவிட்டது, அடுத்த தடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தனை பேருடைய முகமும் தொங்கிப்போயிருந்த அந்த அறையில் அம்மா ஒருத்திதான் சிரித்த முகமாக இருந்தாள். நைனாவுக்கு அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு, டம்ளரை டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த தடைக்காலம் வருவதற்குள் உப்புக்காற்று பட்டுக் கேசட் பச்சை பூத்துவிட்டது. எத்தனை ஊதினாலும் டிவியில் கோடுகள்தான் வந்தன. பேய்க்கோட்டை அதோடு போனது.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம், இந்த வருஷத் தடைக்காலத்தில் ஒருநாள் மெட்ரோவில் வேலைக்குப் போகும்போது போனில் அந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டேன். பழைய ஆட்டத்தைப் புதிதாக மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். அதே நிலா, அதே வௌவால். நின்றுகொண்டிருந்த நான் பக்கத்தில் இருந்தவர் காலை மிதித்துவிட்டேன். அது எப்போது, எங்கே, எப்படியெல்லாம் வெளிவந்தது என்று ஒருவர் உட்கார்ந்து நீளமாக எழுதியிருந்தார். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டு அதைப் படித்தேன்.

ஜப்பானில் முதலில் டிஸ்க்கில் வந்ததாம். விட்ட இடத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். பிறகு வெளிநாடுகளுக்காகக் கேசட்டில் போட்டார்களாம், வேறு பெயரில், ஞாபகம் இல்லாமல். மாமாவுக்கு அந்த நிமிஷமே போன் செய்தேன். "நான் சொன்னப்ப சிரிச்சீங்கோ இல்ல" என்றார். இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பை வட்டியோடு வைத்திருந்தார்போலிருக்கிறது.

அந்தப் பக்கத்தில் மாமாவுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்கு முதலில் போன கேசட்டுகளில் ஒரு கோளாறாம். அரிவாள்காரரின் படிக்கட்டை நெருங்கியதும் ஆட்டம் உறைந்து நின்றுவிடுமாம். பெட்டியை அணைப்பதைத் தவிர வழி கிடையாது. அடுத்த அச்சில் அதைச் சரி செய்தார்கள். எங்கள் கேசட்டைப் போன்ற நகல்களைப் போட்டவர்கள் பலரும் எடுத்தது அந்தக் கோளாறான முதல் அச்சைத்தான்.

எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நாங்கள் இல்லாத ஏதோ ஒரு பகலில் நைனா அதுவரை ஏறிப் பார்த்திருக்கிறார், பெட்டி உறைந்து நின்றதைப் பார்த்திருக்கிறார். தெருவே கூடியிருக்கும்போது அது என் கண்ணெதிரில் நிற்கக்கூடாது என்றுதான் பள்ளத்தில் நடந்தார். என்ன மனிதர், என்ன பெரிய மனசு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய், தம்பியின் டிவியில் புது ஆட்டத்தைப் போட்டுவிட்டு, கண் கலங்க இதை நைனாவிடமே சொன்னேன்.

"இன்னாது? பொட்டி நின்னுபூடுமா?" என்று நைனா திகைத்தார். "அதெல்லாம் எனக்கின்னாத் தெரியும்? நான் தாண்டிப் போலாம்னுதான் இருந்தேன். உங்கம்மா வந்து நின்னுகினா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஊர் அறிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க நைனா, உங்க தாத்தா, கூரைக்கு ஓடு மாத்துனாரு. கடேசி ஓடு வச்சு முடிச்சுட்டு, கை கழுவிகினு அன்னிக்கே தொழிலுக்குப் போனாரு. வரல. அதுலேந்து இவரை நான் எத்தயும் முடிக்க வுட்டதில்ல. பாதி வேல கெடந்தா அத்த முடிக்கவாச்சும் வரணும் இல்ல?"

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அது எப்டி பலிக்கும்?" என்றாள். நிறமில்லாத கதவு, பலகை, சோப்புப்பெட்டி, டிவி மேல் வைத்த பாதி டீ எல்லாம் என் முன்னால் வரிசையாக வந்து நின்றன. நான் சின்ன வயதில் வெட்கப்பட்டதெல்லாம் அந்த வீட்டின் நங்கூரங்கள்.

நைனா ரிமோட்டை எடுத்தார். போன வருஷம் முழங்கால் போனதிலிருந்து அவர் படகில் ஏறுவதில்லை, தடைக்காலம் முடிந்தாலும் அவருக்கு எல்லா நாளும் ஒன்றுதான். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. ஏறும்போது நின்றார், இறங்கும்போது புகுந்தார். தம்பி பழையபடி எழுந்து நின்றுவிட்டான், நான் எந்தச் சுவர் என்று கத்த ஆரம்பித்துவிட்டேன். கடைசிக் கூடம் வந்தது, பள்ளம் வந்தது. இந்தமுறை தாண்டிக் குதித்தார். பெட்டி உறையவில்லை, கோளாறு சரிசெய்த பதிப்பு இது. அரிவாள்காரரையும் அடித்தார். கோட்டைக்காரரின் படிக்கட்டில் கால் வைத்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "முடிய்யா. இனிமே இன்னா கீது" என்றாள்.

நைனா ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

"கெடக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்."

அன்று நைனாவின் கையைப் பிடித்து இழுத்து அழுத சின்னப் பெண்ணுக்கு, முடித்துவிடுவது என்றால் ஜெயிப்பது. எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு என்றும், அதை அம்மாவை விட நைனாதான் அதிகம் நம்பினார் என்றும் அவளுக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகக் கடல் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பதிப்பில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கலாம். நான் சேமித்துவிட்டு டிவியை அணைத்தேன்.